நான்கு படிகள், 22 ஆண்டுகள்: ஏர் மார்ஷல் சுப்ரதோ முகர்ஜி

பாலம் விமான நிலையத்தில் இறங்கி, தௌலா குவான் வழியாகக் கரோல் பாக்குக்கோ மோதி பாக்குக்கோ வரும் தில்லித் தமிழர்கள், சுப்ரதோ பார்க் என்ற பெயரை வழியில் பார்க்காமல் வந்திருக்க முடியாது. பெயரைக் கேட்டு அங்கே ஒரு பூங்கா இருப்பதாக நான் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். எங்கள் குடியிருப்பில், தாம்பரத்தில் பயிற்சி பெற்று ஜாலஹள்ளி, ஆதம்பூர் என்று ஊர் ஊராகச் சுற்றி, வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். "அது பூங்கா இல்லப்பா, வெஸ்டர்ன் ஏர் கமாண்ட். எங்க முதல் சீஃப் பேரு அது" என்று அவர் சொன்ன பிறகுதான் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருப்பது உறைத்தது. பிள்ளைகளுக்கு இதே பெயர் வேறு வகையில் பழக்கம். பள்ளிக் கால்பந்து ஆடுகிறவர்களுக்கு, தில்லியில் ஆண்டுதோறும் நடக்கும் சுப்ரதோ கோப்பை என்றால் போதும்.

முகர்ஜியைப் பற்றிய குறிப்புகள் அநேகமாக ஒரே அச்சில் இருக்கும். ஒரு ஃப்ளைட்டுக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர், ஸ்குவாட்ரனுக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர், விமானத்தளத்துக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர், இறுதியில் விமானப்படைக்கே தலைமை ஏற்ற முதல் இந்தியர் என்று நான்கு 'முதல்'களை அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். செய்தி சரிதான். ஆனால் ஃப்ளைட்டுக்கும் ஸ்குவாட்ரனுக்கும் என்ன வித்தியாசம், அந்த ஒவ்வொரு படியிலும் ஓர் இந்தியரை ஏற்ற ஆட்சியாளர்கள் ஏன் தயங்கினார்கள், கடைசிப் படிக்கு மட்டும் விடுதலைக்குப் பிறகும் ஏன் ஏழாண்டுகள் பிடித்தன என்பவை தெரியாவிட்டால் அந்த நான்கும் வெறும் பட்டங்களாகவே நின்றுவிடும்.

முதலில் கதவு எப்படிப் பூட்டப்பட்டிருந்தது என்று பார்ப்போம். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் வான்படையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இந்தியர்கள் விமானிகளாக இருந்தார்கள். அவர்களில் ஒருவரான இந்திரலால் ராய் 1918 ஜூலையில் இரண்டே வாரங்களுக்குள் 10 வெற்றிகளைக் கணக்கில் சேர்த்துவிட்டு, 19 வயதில் வானிலேயே மாண்டார். அவர் முகர்ஜிக்கு உறவினர். போர் முடிந்ததும் அந்த வாசல் மூடிக்கொண்டது. 1920களில் இந்திய வானில் பறந்த போர் விமானங்கள் முழுவதும் ராயல் ஏர் ஃபோர்சுக்கு உரியவை. இந்தியர் எவரும் அவற்றை ஓட்டும் அதிகாரியாக முடியாது. படை அதிகாரிகளாக இந்தியர்களைச் சேர்ப்பது பற்றி ஆராய்ந்த ஸ்கீன் குழுதான், வான்படைக்கும் இந்தியர்களைத் தேர்ந்தெடுத்து இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயிற்றுவிக்கலாம் என்று பரிந்துரைத்தது.

அப்படித் தேர்வாகி 1930இல் கிரான்வெல்லுக்குச் சென்ற ஆறு பேரில் முகர்ஜியும் ஒருவர். 1911 மார்ச் 5 அன்று கல்கத்தாவில் பிறந்தவர், தந்தை ஐ.சி.எஸ். அதிகாரி, குடும்பம் பிரம்ம சமாஜப் பின்னணியும் படிப்பும் கொண்டது. பின்னாளில் அரசியலில் பெயர் பெற்ற ரேணுகா ராய் இவருடைய அக்காள். பயிற்சியை முடித்த இளைஞர்களுக்கு அதிகாரி நியமனம் கிடைத்த நாளும் இந்திய விமானப்படை சட்டப்படி பிறந்த நாளும் ஒன்றே: 1932 அக்டோபர் 8. அதாவது, முகர்ஜியின் பணிக்காலத்தைத் தனியாகவும் படையின் வரலாற்றைத் தனியாகவும் எழுத வழியே இல்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று கராச்சியின் திரிக் ரோட்டில் முதல் ஸ்குவாட்ரன் உருவானது. ஸ்குவாட்ரன் என்று பெயர் இருந்ததே தவிர, அப்போது அது ஒரு ஃப்ளைட் மட்டுமே. நான்கு வாப்பிட்டி விமானங்கள், விரல்விட்டு எண்ணும் அளவில் அதிகாரிகள், 'ஹவாய் சிப்பாய்' எனப்பட்ட 19 வான்படைச் சிப்பாய்கள், மேலே தலைமை அதிகாரியாக பௌச்சியர் என்ற ஆங்கிலேயர்: இவ்வளவுதான் அன்றைய இந்திய விமானப்படை. தில்லி பாலம் பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு வாப்பிட்டியை இன்றும் பார்க்கலாம். இரண்டு அடுக்கு இறக்கைகள், அவற்றுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பிகள், மேலே கூரையில்லாத இரண்டு இருக்கைகள். பக்கத்தில் நின்று பார்த்தால், இதில் ஏறி வடமேற்கு எல்லையின் வசீரிஸ்தான் மலைகளுக்குள் போவதற்குத் திறமையைக் காட்டிலும் நெஞ்சழுத்தம்தான் முக்கியமாகத் தேவைப்பட்டிருக்கும் என்று தோன்றும்.

அந்த முதல் தொகுதிக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஆறு பேரில் தண்டன் என்பவர் உயரம் போதாததால் பறக்கும் பணியிலிருந்து சரக்கு வழங்கல் பணிக்கு மாற்றப்பட்டார். பூபிந்தர் சிங், அமர்ஜித் சிங் இருவரும் தொடக்க ஆண்டுகளிலேயே விமான விபத்தில் மறைந்தார்கள். சர்க்கார் ஒரு விபத்தை ஒட்டிப் பணியை இழந்தார். மிஞ்சிய விமானிகள் முகர்ஜியும் அவானும் மட்டுமே. இந்தியர்களால் ஒரு வான்படையை நடத்த முடியாது என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு இதைவிட வசதியான கணக்கு வேறு வேண்டியதில்லை. இந்தச் சூழலில் முகர்ஜி ஒரு பெரிய தவறு செய்திருந்தால் அது அவரோடு முடிந்திருக்காது. வரிசையில் பின்னால் நின்ற அத்தனை பேரையும் அது பாதித்திருக்கும். அவருடைய நிதானம், எச்சரிக்கை, பேச்சில் சிக்கனம் ஆகியவற்றை இயல்பு என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். என் பார்வையில் அதில் பாதி இயல்பு, மீதி இந்தத் தனிமையிலிருந்து வந்த பழக்கம்.

இப்போது படிகளுக்கு வருவோம். ஃப்ளைட் என்பது சில விமானங்களும் அவற்றின் விமானிகளும் கொண்ட சிறு குழு. அதன் தலைவர் தாமும் கூடவே பறப்பார். யார் இன்று மேலே போவது, எந்தப் பாதையில் போவது, வானிலை மோசமானால் திரும்புவதா என்பன அவருடைய முடிவுகள். ஸ்குவாட்ரன் என்பது பல ஃப்ளைட்டுகள் சேர்ந்தது. அதற்குச் சொந்தப் பழுதுபார்ப்புப் பிரிவு, கிடங்கு, அலுவலகம், ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் எல்லாம் உண்டு. 1933இல் ஒரு ஃப்ளைட்டாகத் தொடங்கிய முதல் ஸ்குவாட்ரன், 1936இல் இரண்டாவதையும் 1938இல் மூன்றாவதையும் பெற்றுத்தான் முழு ஸ்குவாட்ரன் ஆனது. ஓர் அலகை நிரப்ப 5 ஆண்டுகள் எடுத்துக்கொண்டதிலிருந்தே அரசின் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம். முழுதான அந்த ஸ்குவாட்ரனின் பொறுப்பு 1939 மார்ச்சில் முகர்ஜியிடம் வந்தது. அதுவரை அந்த நாற்காலியில் ஆங்கிலேயர்களே உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று அந்த ஸ்குவாட்ரனின் வேலை தரைப்படைக்குத் துணை நிற்பது. எதிரி எங்கே கூடுகிறான் என்று பார்த்துச் சொல்வது, படங்கள் எடுப்பது, மலைமுகட்டுக் காவல் நிலைகளுக்குச் செய்தி கொண்டுபோவது ஆகியவை அன்றாடம் நடந்தவை. விமானத்துக்கும் தரைக்கும் இடையே வானொலித் தொடர்பு பெரும்பாலும் கிடையாது. தரையில் இருப்பவர்கள் ஒரு பெரிய துணிப் பலகையை விரித்து, அதன் மடிப்புகளை ஒரு முறைப்படி திறந்தும் மூடியும் எழுத்துகளைக் காட்டுவார்கள். மேலே வட்டமிடும் விமானி அதைப் படித்துக்கொள்ள வேண்டும்.

1940 ஆகஸ்டில் வசீரிஸ்தானின் மிரான்ஷா பக்கத்தில் நடந்த நிகழ்ச்சியை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். ஒரு காவல் நிலையைப் பழங்குடிப் போராளிகள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். உள்ளே இருந்த வீரர்கள், தோட்டா தீர்ந்துவிட்டது என்று துணிப் பலகையில் காட்டினார்கள். மேலே இருந்தவர் முகர்ஜி. தளத்துக்குத் திரும்பித் தோட்டாக்களை ஏற்றிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவரும் பின்னிருக்கைத் துப்பாக்கிக்காரரும் விமானத்தின் துப்பாக்கிக்குரிய தோட்டாக்களைக் கழற்றித் தங்கள் காலுறைகளில் நிரப்பி, மிகத் தாழ்வாகப் பறந்து அந்த நிலைக்குள் போட்டார்கள். வீரர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

படைக்காரர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது காலுறையைத்தான் சுவையாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் காலத்தில் விமானத்தின் பின்னிருக்கை லூயிஸ் துப்பாக்கிக்கும் காலாட்படையின் ரைஃபிளுக்கும் ஒரே .303 அளவுத் தோட்டாதான். அது தெரிந்திருந்ததோடு, உரிய நொடியில் அது நினைவுக்கும் வந்ததால்தான் காலுறை பயன்பட்டது. மேலும், தோட்டாவைக் கொடுத்த பிறகு அந்த விமானம் வெறுங்கையோடு எதிரியின் துப்பாக்கி எட்டும் தூரத்தில் பறந்து திரும்ப வேண்டியிருந்தது. ஸ்குவாட்ரன் தலைவர் ஒருவர் தம் விமானத்தின் தற்காப்பைக் கழற்றி வேறொரு படையின் கையில் கொடுக்கலாமா என்று விதிப்புத்தகத்தைப் புரட்ட அங்கே நேரமில்லை.

மூன்றாவது படி, தளம். 1943இல் அதே வடமேற்கு எல்லையில் உள்ள கோஹாட் விமானத்தளத்தின் பொறுப்பு முகர்ஜிக்குக் கிடைத்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் என்னைக் கேட்டால் நான்கு படிகளிலும் செங்குத்தானது இதுதான். ஸ்குவாட்ரன் எவ்வளவு பெரியதானாலும் அதில் இருப்பவர்கள் ஒரே தொழில்காரர்கள். தளம் என்பதோ ஒரு சிற்றூர். ஓடுபாதை, எரிபொருள், வெடிகுண்டுக் கிடங்கு, மருத்துவமனை, மெஸ், காவல், குடியிருப்பு, தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் ஸ்டேஷன் கமாண்டர்தான் பொறுப்பு. தளத்தில் வந்து தங்கும் எந்தப் பிரிவும் அவருடைய நிர்வாகத்துக்குள் வந்துவிடும். ஆங்கிலேய அதிகாரிகள் இந்தியருடைய கையெழுத்தை எதிர்பார்த்து நிற்கும் நிலை அதனால் ஏற்பட்டது. ஆட்சியாளர்களின் தயக்கத்துக்கு வேர் இதில்தான் இருந்தது. இந்தியர் விமானம் ஓட்டுவாரா என்ற கேள்வி எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. கோஹாட்டிலும் பிறகு தில்லித் தலைமையகத்திலும் முகர்ஜி இருந்த அதே ஆண்டுகளில், பர்மா போர்முனையில் கே.கே. மஜும்தார், மெஹர் சிங், அர்ஜன் சிங் போன்றவர்கள் பெயரெடுத்தார்கள். வீரப் பதக்கங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. முகர்ஜிக்கு 1945இல் கிடைத்தது ஓ.பி.ஈ., அதாவது சேவைக்கான விருது. அப்படியென்றால் தலைமை ஏன் அவருக்கு? பணிமூப்பு என்பது சுருக்கமான பதில். மஜும்தார் 1945 பிப்ரவரியில் லாகூரில் ஒரு சாகசப் பறப்பின்போது விபத்தில் மறைந்ததும் வரிசையை மாற்றியது. ஆனால் இவற்றையெல்லாம் தாண்டி, போர்முனையில் எடுக்கும் பெயரும் ஒரு படையை நிறுவி நடத்தும் ஆற்றலும் வெவ்வேறு. 1948 மே 24 அன்று அதுவரை எவரும் இறங்காத லே பள்ளத்தாக்கில் டகோட்டா போக்குவரத்து விமானத்தை இறக்கிக் காட்டிய 'பாபா' மெஹர் சிங்கைவிடச் சிறந்த விமானி அன்று இந்தியாவில் இருந்திருக்க முடியாது. அவரும்கூடத் தலைமையகத்து நாற்காலியில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார் என்று கேட்டால் எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது.

1947 ஆகஸ்ட் 15. நாடு விடுதலை பெற்றது. விமானப்படையின் தலைமையில் சர் தாமஸ் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர். அவருக்கு அடுத்த நிலையில் முகர்ஜி. எல்ம்ஹர்ஸ்ட் ஒரு காரியம் செய்தார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். விமானப்படை தரைப்படைத் தளபதிக்குக் கட்டுப்பட்ட கிளையாக இருக்கக் கூடாது, தனித்து நிற்கும் படையாக இருக்க வேண்டும் என்பதைப் பதவி ஏற்பதற்கான நிபந்தனையாகவே வைத்தார். பின்னாளில் முகர்ஜி ஏற்ற பொறுப்பின் மதிப்பே அந்த நிபந்தனையிலிருந்துதான் வந்தது.

இரண்டு மாதங்களில் காஷ்மீர்ச் சண்டை தொடங்கியது. அக்டோபர் 27 அன்று விடியும் நேரத்தில் தில்லியிலிருந்து டகோட்டாக்கள் சீக்கியப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகருக்குக் கிளம்பின. அந்நாளில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இரு பக்கமும் பணியில் இருந்தார்கள். ஒருவரையொருவர் எதிர்த்து அவர்கள் நேரடியாகச் சண்டையில் இறங்குவதை லண்டன் விரும்பவில்லை. ஆகவே தலைவர் ஆங்கிலேயராக இருந்தாலும் அன்றாடப் போர்ச்சுமையில் பெரும்பங்கு இந்திய அதிகாரிகளின் தோள்மேல் விழுந்தது.

தரைப்படைக்கு 1949 ஜனவரி 15 அன்றே கரியப்பா தலைமை ஏற்றுவிட்டார். விமானப்படையிலோ எல்ம்ஹர்ஸ்டுக்குப் பின் ஐவ்லா-சாப்மன், அவருக்குப் பின் ஜெரால்ட் கிப்ஸ் என்று ஆங்கிலேயர்களே தொடர்ந்து வந்தார்கள். இவர்கள் மூவரின் காலத்திலும் முகர்ஜி துணைப் பொறுப்பிலேயே இருந்தார். இதைக் கேட்டதும் நமக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் கணக்குப் போட்டால் நிலைமை தெளிவாகும். கரியப்பா அதிகாரியானது 1919இல். தலைமை ஏற்றபோது அவருக்குப் பின்னால் 30 ஆண்டு அனுபவம் இருந்தது. விமானப்படையின் மிக மூத்த இந்தியரான முகர்ஜிக்கோ 1947இல் 15 ஆண்டுப் பணிதான்; வயது 36. அவருக்குக் கீழே இருந்தவர்கள் இன்னும் இளையவர்கள். பலர் போர்க்காலத்தில் சேர்ந்தவர்கள். உச்சியில் ஒருவரை மாற்றுவது எளிது. அவரிடம் திட்டமிடல், கொள்முதல், பயிற்சி, பராமரிப்பு என்று ஒவ்வொரு துறையையும் எடுத்துச் செய்ய ஆட்கள் வேண்டுமே, அதற்குத்தான் காலம் பிடித்தது. கடற்படைக்கு இதைவிட அதிகக் காலம் ஆனது. 1958இல் அதன் முதல் இந்தியத் தலைவரானவர் நம் செங்கல்பட்டில் பிறந்த ஆர்.டி. கட்டாரி.

அந்த ஏழாண்டுத் துணைப் பொறுப்பைக் காத்திருப்பு என்று கொள்வது தவறு. தலைவர்கள் இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் மாறிப் போனார்கள். தலைமையகத்தின் தொடர்ச்சியைக் காத்தவர் துணைப் பொறுப்பில் இருந்தவரே. முதல் ஜெட் விமானமான வேம்பயர் படையில் சேர்ந்தது, 1950 ஜனவரி 26 அன்று 'ராயல்' என்ற அடைமொழி பெயரிலிருந்து உதிர்ந்தது, பிரெஞ்சு நாட்டின் தூஃபானி விமானங்கள் 1953இல் வந்தது எல்லாம் அந்த இடைவெளியில் நடந்தவை. இடையில் லண்டனில் இம்பீரியல் டிஃபென்ஸ் கல்லூரியிலும் அவர் படித்தார்.

1954 ஏப்ரல் 1 அன்று, படையின் முதல் ஸ்குவாட்ரன் உருவாகிச் சரியாக 21 ஆண்டுகள் நிறைந்த நாளில், முகர்ஜி பொறுப்பேற்றார். வயது 43. ஓராண்டுக்குப் பிறகு முப்படைகளிலும் 'கமாண்டர்-இன்-சீஃப்' என்ற பதவிப்பெயர் ஒழிக்கப்பட்டு 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' என்று மாறியது. சொல் மாற்றம்தான் என்றாலும் பொருளுண்டு: குடியரசில் தலைமைத் தளபதி என்பவர் குடியரசுத் தலைவர் ஒருவரே, படைத் தலைவர்கள் அரசுக்கு ஆலோசனை சொல்லித் தம் படையை நடத்துகிறவர்கள். இந்த ஏற்பாட்டில் முணுமுணுப்பில்லாமல் பொருந்திக்கொண்ட முதல் தலைமுறைத் தளபதிகளில் முகர்ஜி ஒருவர். அண்டை நாட்டில் அதே ஆண்டுகளில் தளபதி ஒருவர் நாட்டையே எடுத்துக்கொண்டதை நினைத்துப் பார்த்தால் இது சிறிய விஷயமில்லை என்று விளங்கும்.

அவர் தலைமையில் இருந்த ஆறரை ஆண்டுகளில் விமானப்படையின் முகமே மாறியது. பாகிஸ்தானுக்கு அமெரிக்க உதவியாகச் சேபர் ஜெட்டுகள் கிடைத்ததும், இந்தியா அதற்கு ஈடு தேட வேண்டி வந்தது. 1957 முதல் மிஸ்டேர், ஹண்டர், கான்பெரா, பிறகு நாட் என்று அடுத்தடுத்து புதிய விமானங்கள் வந்தன. சரக்கேற்ற 'பாக்கெட்' என்ற வகை விமானங்களும், முதல் ஹெலிகாப்டர்களும் அதே காலத்தவை. இத்தனை வகை விமானங்களை ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்வதில் இருக்கும் தலைவலியை அந்த வாரண்ட் ஆபீசர் மாமாவிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் தனி உதிரிபாகம், தனிக் கருவிப்பெட்டி, தனிக் கையேடு, தனிப் பயிற்சி. பிரெஞ்சு விமானத்தின் அளவுகள் மெட்ரிக்கில் இருக்கும், ஆங்கில விமானத்தின் அளவுகள் அங்குலத்தில் இருக்கும். இந்தச் சுமையைத் தாங்கியவர்களில் முக்கியமானவர் ஹர்ஜிந்தர் சிங். திரிக் ரோட்டில் ஹவாய் சிப்பாயாகத் தொடங்கிய அந்தப் பொறியியல் பட்டதாரி, முகர்ஜியின் காலத்தில் படையின் பராமரிப்புக்கே தலைவராக உயர்ந்திருந்தார். நான்கு வாப்பிட்டிகளைச் சுற்றி நின்ற அதே கும்பலிலிருந்து விமானியாக ஒருவரும் தொழில்நுட்பராக ஒருவரும் கால் நூற்றாண்டுக்குப் பிறகும் சேர்ந்து வேலை செய்தது, நம் படை வரலாற்றில் அதிகம் பேசப்படாத பக்கம்.

குறைகளும் உண்டு. அந்த ஆண்டுகளில் சண்டை விமானங்களுக்கும் குண்டுவீச்சு விமானங்களுக்கும் கிடைத்த கவனம் வடக்கு எல்லை மலைப்பகுதிகளுக்கான ஏற்பாடுகளுக்குக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. அதை அவர் ஒருவரின் பிழையாகக் கொள்வதும் சரியில்லை. தில்லியில் அன்று எல்லோருடைய கண்ணும் மேற்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

1960 நவம்பரில், ஏர் இந்தியாவின் டோக்கியோ சேவைத் தொடக்க விமானத்தில் முகர்ஜி ஜப்பானுக்குச் சென்றார். நவம்பர் 8 அன்று அங்கே ஓர் உணவகத்தில் நண்பரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உணவுத் துண்டு ஒன்று மூச்சுக்குழாயில் அடைத்துக்கொண்டது. மருத்துவர் வருவதற்குள் உயிர் பிரிந்தது. வாப்பிட்டியிலும் மிரான்ஷாவிலும் தப்பியவர் ஒரு மேசை முன்னால் போனார். உடல் பாலம் விமான நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டு, முழு இராணுவ மரியாதையோடு தில்லியில் தகனம் செய்யப்பட்டது. அவருடைய வயதுக்கு ஆண்டுக்கு ஒன்றாக 49 விமானங்கள் மேலே அணிவகுத்துப் பறந்தன. மனைவி சாரதா முகர்ஜி பின்னாளில் ஆந்திரத்துக்கும் குஜராத்துக்கும் ஆளுநராக இருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கான கால்பந்துப் போட்டி தொடங்கியதும் அதே 1960இல்தான். முகர்ஜி கால்பந்துப் பித்தர்.

பதவியில் இருக்கும்போதே தலைவர் திடீரென்று மறைவது அந்தப் படைக்கு அதுவே முதல் முறை. பெங்களூரில் ஹெச்.ஏ.எல். என்ற விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த ஆஸ்பி எஞ்சினியர் அழைக்கப்பட்டு டிசம்பர் 1 அன்று பதவியேற்றார். அவரும் கிரான்வெல்லில் பயின்றவர். முகர்ஜிக்குச் சில மாதங்களே பின்னால் படையில் சேர்ந்தவர். ஓர் இந்தியர் தயாரா என்ற கேள்வியை இம்முறை யாரும் எழுப்பவில்லை. லண்டனுக்குக் கடிதம் எழுதவும் தேவைப்படவில்லை.